மீட்டருக்கு ஒரு புழு

திண்டிவனம் பக்கம் போய் ‘வேர்க்கடலை’ என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால், நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். அங்கே அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பெயர் நாலைந்து தலைமுறை நாக்குகளில் உருண்டு தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. ‘மல்லாட்ட ஆயப் போறேன்’ என்று கூடையோடு கிளம்புகிற எந்தப் பெண்ணும் பிலிப்பைன்ஸ் தலைநகரத்தை நினைத்துக்கொண்டு கிளம்புவதில்லை.

பிறந்த வீடு தென்னமெரிக்கா. கப்பலேறி ஊர் ஊராகச் சுற்றி நம்ம பக்கம் வந்த செடி. 19-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிலுக்கும் கடலை மூட்டை மூட்டையாக வேண்டியிருந்தது. தென்னாற்காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. அப்புறம் என்ன? கேழ்வரகும் வரகும் விளைந்த புன்செய் நிலங்களில் மல்லாட்டை ஏறி உட்கார்ந்தது. பிரெஞ்சுக்காரர் குளித்த சோப்புக்கும் விழுப்புரத்துக் குடியானவன் வாங்கிய கடனுக்கும் அப்போதிருந்தே சம்பந்தம் உண்டு.

1930-களில் திண்டிவனத்தில் இதற்காகவே ஆராய்ச்சி நிலையம் வந்தது. ‘டி.எம்.வி.’ என்ற மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிக்கிறது. 1940-ல் குடியாத்தம் பக்கத்துக் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2, ஆந்திரா, கர்நாடகா என்று இந்தியா பூராவும் போனது. ஒரு ஊரின் பெயரை இத்தனை வயல்களுக்குக் கொண்டுபோன செடி. அதைப் போய் வெளிநாட்டுச் செடி என்றால் அடிக்க வருவார்கள். நியாயம்தான்.

ஆனால், நான் எழுத வந்தது கடலையைப் பற்றி இல்லை. அதன் இலைக்குள் குடியிருக்கும் ஒருவரைப் பற்றி.

ஊரில் அவருக்குப் பெயர் சுருள் பூச்சி. விஞ்ஞானிகள் வைத்த பெயர் அப்ரோஏரீமா மோடிசெல்லா. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். ஒரு அரிசி அளவுதான். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், முன்சிறகின் ஓரத்தில் ஒரு வெளிறிய புள்ளி. ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றுகிற கும்பலில் இவர் இருந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. தாய் அந்துப்பூச்சி கடலை இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போகிற ஜாதி இல்லை. மூன்று நாலு நாளில் பொரிந்து வரும் புழு செய்கிற முதல் காரியம் ஆச்சரியமானது. இலைக்குள் புகுந்துவிடும். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும்? அந்த இடத்தில் படுத்துக்கொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும். வெளியே ஒரு சின்னப் பழுப்புக் கொப்புளம் மட்டும் தெரியும். ஐந்தாறு நாளில் உடம்பு பெருத்து அந்த அறை போதாமல் போகிறது. வெளியே வந்து, தன் எச்சில் நூலால் பக்கத்து இலைகளைச் சேர்த்துத் தைத்து, சுருட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். கூட்டுப்புழுவாவதும் அதே அறையில்தான். மூன்று நாலு வாரத்தில் மறுபடி அந்துப்பூச்சி. நூற்றுச் சொச்சம் நாள் பயிரில் மூன்று தலைமுறை பார்த்துவிடும்.

மழை தப்பிய வருடம் இதற்குக் கொண்டாட்டம். மானாவாரிக் கடலை வாடி நிற்கும்போது சுருள் பூச்சி பெருகும். தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லையை யாரோ கொளுத்திவிட்டுப் போன மாதிரி இருக்கும். பாதி மகசூலைக்கூட சாப்பிட்டுவிடும். பாதி மகசூல் என்பது பேப்பரில் படிக்க ஒரு சதவீதம். மயிலம் ரோட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது பெண்ணின் காலேஜ் ஃபீஸ்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கடலை வந்தேறி. பூச்சி இந்த ஆசியப் பக்கத்துப் பூர்வகுடி. மல்லாட்டை இங்கே காலெடுத்து வைக்கும் முன்பே அது இருந்தது. பயறு குடும்பத்துக் காட்டுச் செடிகளைத் தின்று பிழைத்தது. நாட்டு மருந்துக் கடையில் தோல் வியாதிக்குக் கார்போக அரிசி என்று விற்பார்களே, அந்தச் செடி இன்றைக்கும் அதற்குப் பிடித்த உணவு. வரப்போரம் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடைத்ததைத் தின்று வாழ்ந்த ஒரு ஜீவன் முன்னால் நாம்தான் லட்சக்கணக்கான ஏக்கருக்குத் தலைவாழை இலை போட்டுப் பரிமாறினோம். அது உட்கார்ந்து சாப்பிட்டது. உடனே அதன் பெயர் மாறிவிட்டது. அதுவரை பூச்சி, அன்றிலிருந்து நாசப்பூச்சி. அது தன் குணத்தில் ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1998-ல் உகாண்டாவில் இது தென்பட்டபோது, அங்கே இதை ஆசியாவிலிருந்து வந்த அந்நியன் என்று எழுதினார்கள். பூர்வகுடியும் ஒருநாள் வந்தேறி ஆகலாம் போலிருக்கிறது.

‘நாசம்’ என்பது அந்த உயிரின் லட்சணம் இல்லை. நம் கணக்குப் புத்தகத்தில் அது விழுகிற பக்கம். சரி, அப்படியானால் அதைக் கொல்லலாமா, கூடாதா?

‘இதெல்லாம் ஒரு கேள்வியா சார், கொசுவை அடிக்கிறதில்லையா?’ என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால், தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை ரொம்பப் பேர் ரொம்ப சீரியஸாகக் கேட்டிருக்கிறார்கள். திருக்குறளில் கொல்லாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. அதே பழைய தென்னாற்காட்டில் வடலூர். பயிர் வாடினால் தானும் வாடிய மகான் வாழ்ந்த ஊர். அந்தப் பயிரை வாட வைத்த புழுவுக்காகவும் அவர் வருந்தியிருப்பாரா? அவர் மனசுக்கு வருந்தியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால், அவர் கடன் வாங்கிக் கடலை போடவில்லை.

கடலை போடுகிறவர்களே இந்தக் கேள்வியோடு வாழ்கிற ஒரு கூட்டம் திண்டிவனத்தைச் சுற்றி இருக்கிறது. தமிழ்ச் சமணர்கள். நயினார் என்று சொல்வார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம். வீடூர், வந்தவாசி என்று சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக இருக்கிறார்கள். சமணர் என்றதும் சௌகார்பேட்டை நகைக்கடை, வட்டிக்கடை ஞாபகம் வந்தால் அது வேறு. இவர்கள் பல நூறு ஆண்டுகளாக ஏர் பிடித்தவர்கள், தமிழ் தவிர வேறு தாய்மொழி இல்லாதவர்கள். வடக்கே பல சமணர்கள், உழுதால் மண்ணில் உள்ள உயிர்கள் சாகும் என்று வியாபாரத்துக்குப் போனார்கள். இவர்களோ, உழவைக் கற்றுக்கொடுத்தவரே ஆதிநாதர்தானே என்று வயலில் இறங்கினார்கள்.

அப்படி ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். விளக்கு வைத்தால் பூச்சி வரும், சோற்றில் விழும், தெரியாமல் தின்றுவிடுவோம் என்பது காரணங்களில் ஒன்று. நேராகவே கேட்டேன். “ஐயா, நீங்க கொல்லைக்கு மருந்து அடிப்பீங்களா?”

“அடிப்பேன் தம்பி. அடிக்கலைன்னு சொன்னா பொய். அது வேற ஒரு பாவம்.”

சிரித்துவிட்டு விளக்கினார். துறவிக்கு மகாவிரதம். அவர் மயிற்பீலியால் தரையைக் கூட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இல்லறத்தானுக்கு அணுவிரதம், சின்ன அளவு. கொலையிலேயே நாலு தினுசு உண்டாம். சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது. தொழிலில் நேர்வது. தன்னைக் காத்துக்கொள்ளும்போது நேர்வது. நாலாவது, கொல்ல வேண்டும் என்று நினைத்துக் கொல்வது. இதற்குச் சங்கல்பி என்று பெயர். “முதல் மூணும் குறைக்க வேண்டியது. நாலாவது விட வேண்டியது. சம்சாரிக்கு அவ்வளவுதான் சொல்லியிருக்கு” என்றார்.

“புழுவைக் கொல்லணும்னு நினைச்சுத்தானே அடிக்கிறோம்?”

“பயிரைக் காப்பாத்தணும்னு நினைச்சு அடிக்கிறேனா, புழு மேல கோபத்துல அடிக்கிறேனான்னு எனக்குத் தெரியும் தம்பி. வெளியில இருக்கிற உங்களுக்குத்தான் தெரியாது.”

வக்கீல் பதில் மாதிரி இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. எண்ணத்தில் சுத்தமாக இருந்தால் எதையும் செய்யலாம் என்று போய்விடாதா? புழுவுக்கு என்ன வித்தியாசம்? கோபத்தில் செத்தாலும் சாவு, வருத்தத்தோடு கொன்றாலும் சாவு.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து, அதாவது கணக்குப் பிள்ளைகளின் திசையிலிருந்து, இன்னொரு பதில் வந்திருக்கிறது. நான் படித்தது பி.காம்., அதனால் எனக்கு இது சட்டென்று பிடித்துப்போயிற்று. 1959-ல் கலிஃபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நாலு பூச்சியியல் நிபுணர்கள் சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். டி.டி.டி. வந்த பிறகு அமெரிக்க விவசாயி பூச்சியைக் கண்டால் அடி, காணாவிட்டாலும் தேதி பார்த்து அடி என்று இருந்த காலம். குதிரைமசால் வயலில் அசுவினி மருந்துக்குப் பழகிப்போய் சாக மறுத்தது. அதைத் தின்கிற நல்ல பூச்சிகள்தான் செத்தன. நாலு பேரும் கேட்ட கேள்வி ரொம்ப எளிமை: ஒரு வயலில் எத்தனை பூச்சி இருந்தால் அதைக் கொல்லும் செலவு நியாயமாகும்?

மருந்துக்கும் கூலிக்கும் ஆகிற செலவு ஒரு பக்கம். பூச்சியால் போகிற விளைச்சலின் மதிப்பு மறுபக்கம். இரண்டும் சமமாகிற இடத்தை, பிரேக் ஈவன் பாயின்ட் என்று நாங்கள் காலேஜில் படம் போட்டுப் படித்தோம். பூச்சிக் கணக்கில் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு கோடு போட்டார்கள், முந்திக்கொள்ள அவகாசம் வேண்டுமே என்று. பொருளாதாரச் சேத நிலை என்று நம் வேளாண் கையேடுகள் அதைச் சொல்கின்றன. கோட்டுக்குக் கீழே பூச்சி இருந்தால் விட்டுவிடு. தின்றுவிட்டுப் போகட்டும்.

நம் வேளாண் பல்கலைக்கழகம் சுருள் பூச்சிக்குப் போட்டிருக்கும் கோடு: ஒரு மீட்டர் வரிசைக்கு ஒரு புழு.

முதல்முறை இதைப் படித்தபோது ஏதோ செய்யுள் வரி மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஒரு மீட்டர் என்பது ஒரு கைத்தடி நீளம். அதற்குள் ஒரே ஒரு புழு இருந்தால் மரண தண்டனை! கருணையான கோடு என்று சொல்ல முடியாது. கடலைச் செடி சின்னது, புழு பெருகும் வேகம் அதிகம், கணக்கு அப்படித்தான் வரும்.

நெல்லில் இதன் தூரத்து உறவுக்காரர் ஒருவர் உண்டு, இலைச்சுருட்டுப் புழு. விழுப்புரம் பக்கம் ஏரிப் பாசன வயல்களில் தாராளமாகப் பார்க்கலாம். நெல் இலையை நீளவாக்கில் மடித்துத் தைத்து உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டும். இலையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். அதற்கு உள்ள கோடு தாராளமானது. பயிர் வளர்கிற பருவத்தில் 10 சதவீத இலை சேதமாகும்வரை பொறு. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். நெல்மணிக்குச் சோறு போடுவது கண்ணாடி இலை என்பதால் அங்கே கண்டிப்பு அதிகம். இளம் பயிர் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதே புழு, அதே தீனி. எப்போது, எங்கே என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. மனுநீதிச் சோழன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தேரை ஏற்றவில்லை.

ஆனால், விவசாயி பொறுக்கிறாரா? அங்கேதான் மனுஷ சுபாவம் வருகிறது. இலைச்சுருட்டுப் புழு செய்கிற சேதம் பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். ரோட்டில் போகிறவர்கூட, ‘என்னா மாமா, பயிரு வெளுத்துக் கெடக்குது?’ என்று கேட்டுவிட்டுப் போவார். மானம் போய்விடும். உடனே டேங்க்கை முதுகில் மாட்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஹியோங் என்ற மலேசிய விஞ்ஞானி இதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். விதைத்த முதல் 40 நாளில் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி இந்தப் புழுவைப் பார்த்துப் பயந்து அடிப்பது. விளைச்சலுக்கு அதனால் லாபமில்லை. செத்ததோ சிலந்திகள். சிலந்தி போனதும் புகையான் வந்து உட்கார்ந்தது. புகையான் வந்தால் வயலே போச்சு. சின்னத் திருடனைப் பிடிக்கிறேன் என்று ஊர்க்காவலரைச் சுட்டுவிட்டு, கொள்ளைக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. இந்தோனேசியாவில் இப்படி அடிபட்ட பிறகுதான் 1986-ல் அதிபர் உத்தரவு போட்டு, நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள்.

வியட்நாமில் தடை எதுவும் போடாமல் ஒரு காரியம் செய்தார்கள். 1994-ல், மெகாங் டெல்டாவில் லாங் ஆன் மாகாணம். ‘முதல் 40 நாள் மருந்து அடிக்காமல் உங்கள் வயலில் ஒரு மூலையில் நீங்களே சோதித்துப் பாருங்கள்’ என்று ரேடியோ நாடகம், நோட்டீஸ். நகைச்சுவை நடிகர்களை வைத்து நாடகம். விவசாயிகள் செய்து பார்த்தார்கள். விளைச்சல் குறையவில்லை. சில வருடங்களில் அங்கே மருந்து அடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எத்தனை கோடி பூச்சி உயிர் பிழைத்தது என்று யாரும் எண்ணவில்லை. அத்தனை உயிர் பிழைத்ததில் கருணை என்ற வார்த்தை ஒரு இடத்திலும் வரவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். செலவு மிச்சம் என்றுதான் சொன்னார்கள்.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சிக்கு அடிப்பது விஷம். அதை நாம் ‘மருந்து’ என்கிறோம். ‘மருந்து அடிச்சேன்’ என்பவனும், ‘அவன் மருந்து குடிச்சிட்டான்’ என்று ஓடி வருகிறவனும் ஒரே டப்பாவைத்தான் சொல்கிறார்கள். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியாது. கடலைச் சுருள் பூச்சிக்கு வெகுகாலம் சிபாரிசில் இருந்த மோனோகுரோட்டோபாஸ் உள்பட ஆறு பூச்சிக்கொல்லிகளை 2023 தொடக்கத்தில் தமிழக அரசு 60 நாளுக்கு நிறுத்தி வைத்தது. காரணம் பயிரோ பூச்சியோ இல்லை, தற்கொலைகள். புழுவுக்காக வாங்கி வந்து பரண்மேல் வைத்தது வீட்டு ஆளைக் கொண்டுபோகிறது. ஆகவே ‘புழு செத்தால் என்ன, மனுஷன் பிழைத்தால் போதும்’ என்கிற வாதமும் அவ்வளவு சுலபமாக நிற்காது. அதே விஷம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

என் சித்தப்பா மகன் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே இரண்டு ஏக்கர் மானாவாரியில் மல்லாட்டை போடுகிறான். போன தடவை போட்ட பயிருக்கு நாலு தரம் மருந்து அடித்தான். எத்தனை புழு இருந்தது என்று கேட்டேன். எண்ணவில்லை. பின்னே எதற்கு அடித்தாய்?

“மனசு கேக்கல ண்ணா. பக்கத்துக் கொல்லக்காரன் அடிச்சிட்டான். கடைக்காரரு ரெண்டு மருந்தக் கலந்து குடுத்தாரு. அடிச்சிட்டு வந்து படுத்தாத்தான் தூக்கம் வந்துது.”

அதாவது, மருந்து புழுவுக்கு இல்லை. தூக்கம் வராத மனுஷனுக்கு. ‘மருந்து’ என்ற பெயர் ஒருவகையில் பொருத்தம்தான்!

வாத்தியார் சொன்ன சங்கல்பி இங்கேதான் எனக்குப் புரிந்தது. நாலு தரத்தில் பயிரைக் காப்பாற்றியது எத்தனை தரம்? ஒன்றாக இருக்கலாம். மீதி மூன்றும் பயம், போட்டி, கோபம். அது புழுவின் மேல் தீர்த்துக்கொண்டது. கலிஃபோர்னியாக்காரர்களும் மேல்சித்தாமூர் மடமும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஆனாலும், இரண்டு பேரும் வெட்ட நினைப்பது அந்த மூன்றைத்தான். தமிழில் ‘எண்ணுதல்’ என்றால் நினைப்பது, ‘எண்ணுதல்’ என்றால் கணக்கிடுவது. கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்லாதே என்கிறது ஒரு கட்சி. எண்ணிப் பார்க்காமல் கொல்லாதே என்கிறது இன்னொன்று.

ஆனாலும், கணக்குக் கட்சியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை மறைத்தால் நான் பி.காம். படித்ததற்கு அர்த்தமில்லை. அந்தச் சமன்பாட்டில் விளைபொருளின் விலை இருக்கிறது. கடலை விலை ஏறினால் கோடு கீழே இறங்கும், குறைந்த புழுவுக்கே மருந்து அடிப்பது கட்டுப்படியாகும். விலை விழுந்தால் கோடு மேலே போகும். ஆக, விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் 80 கிலோ மூட்டைக்கு என்ன ரேட் என்பதைப் பொறுத்து ஒரு உயிர் இருக்கலாமா, போகலாமா என்று முடிவாகிறது. மருந்து மலிவாக ஆக ஆக, புழுவின் உயிரும் மலிவு. இதற்கு நீதி என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. வாத்தியாரிடம் சொன்னபோது, “அதனாலதான் தம்பி, எங்க பெரியவங்க கணக்கை விலையில வைக்கல, மனசுல வெச்சாங்க” என்றார். மனசில் வைத்த கணக்கை யார் ஆடிட் செய்வது என்று நான் கேட்கவில்லை.

இரண்டில் எதை எடுப்பேன் என்று கேட்டால், இந்தக் காலத்துக்கு நான் கணக்கையே எடுப்பேன். காரணம் லாபம் இல்லை. எண்ண வேண்டுமென்றால் குனிய வேண்டும். கொல்லையில் இறங்கி, ஒரு மீட்டர் அளந்து, சுருண்ட இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே யார் இருக்கிறார் என்று முகத்தைப் பார்க்க வேண்டும். தன் பயிரைத் தின்கிறவனை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நாலு தரம் அடித்த என் தம்பி, கையில் ஒரு சுருள் பூச்சியைப் பிடித்துப் பார்த்ததே இல்லை.

மருந்துக்கு முன்னால் செய்ய வேறு காரியங்களும் இருக்கின்றன. வரப்பில் கார்போகிச் செடியைப் பிடுங்கிவிடுவது. கடலைக்கு நடுவே கம்பு போடுவது. கம்பு இருக்கும் கொல்லையில் சுருள் பூச்சியைத் தாக்குகிற சின்னக் குளவிகள் கூடுதலாக இருக்கும். அப்புறம் விளக்குப் பொறி. ராத்திரி 8 மணியிலிருந்து 11 மணிவரை தரையோடு தரையாக விளக்கை வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து விழும். ‘விட்டில் விழுந்த மாதிரி’ என்று நாம் சும்மா சொல்கிற உவமையை வேளாண் துறை திட்டமாகவே ஆக்கியிருக்கிறது. வாத்தியார் வீட்டில் எந்த விளக்கடியில் பூச்சி விழும் என்று சாப்பாட்டை ஐந்தரைக்கே முடிக்கிறார்களோ, அதே விளக்கு, அதே பூச்சி. இதைச் சொன்னதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. “விளக்கை வெச்சிட்டு நான் வீட்டுக்கு வந்துட முடியாது” என்று மட்டும் சொன்னார். மருந்து அடிப்பவர்தான். ஆனாலும், விளக்குப் பொறி அவருக்கு ஒப்பவில்லை. ஏமாற்றிக் கூப்பிட்டுக் கொல்வது வேறு என்று நினைக்கிறார் போலும். எந்தக் கையேட்டிலும் இந்தப் பாகுபாடு கிடையாது. தவறு என்று என்னால் சொல்லவும் முடியவில்லை.

இந்த ஆடிப் பட்டத்தில் தம்பியின் கொல்லைக்கு டெய்லர் டேப் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். விதைத்து நாற்பது நாள் ஆன பயிர். ஆறு இடத்தில் மீட்டர் அளந்து எண்ணினோம். முதல் சுருளில் யாரும் இல்லை, காலிக் கூடு, குடியிருந்தவர் சிறகு முளைத்துப் போய்விட்டார். அடுத்ததில் பச்சையாக ஒருத்தன் நெளிந்தான், தலை மட்டும் கறுப்பு. இன்னொன்றில் புழு செத்துச் சுருங்கிக் கிடக்க, பக்கத்தில் ஏதோ ஒரு குளவியின் வெள்ளைக் கூடு. “இது கணக்குல சேருமா ண்ணா?” என்றான். உயிரோடு தின்கிறதை மட்டும் எண்ணு என்றேன். ஆறு மீட்டருக்கு ஏழு புழு.

கணக்குப்படி கோடு தாண்டிவிட்டது. டேங்க் வீட்டில் தயாராக இருந்தது. தம்பி மேற்கே செஞ்சி மலைப் பக்கம் பார்த்தான், மேகம் கட்டியிருந்தது. நல்ல மழை ஒன்று அடித்தால் சுருள் பூச்சி தானே அடங்கும் என்பது அவன் அப்பா காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. “ரெண்டு நாள் பாக்கலாம் ண்ணா” என்றான். கணக்குப் படித்த எனக்குத்தான் உள்ளுக்குள் உதறல்.

மழை தூறலோடு போய்விட்டது. நான்காம் நாள் போன் செய்தான். அதே ஆறு இடம், பதினொன்று.

“அடிச்சிட்டேன் ண்ணா. சாயங்காலமா, ஒரு தரந்தான்.”

கலந்து அடித்தாயா என்று கேட்டேன். ஒரே மருந்துதான் என்றான். அப்புறம், மேற்குக் கோடியில் கம்பு போட்ட நாலு வரிசையில் எண்ணிப் பார்த்தபோது புழு ஒன்றிரண்டுதான் இருந்தது, அங்கே அடிக்காமல் விட்டுவிட்டேன் என்றான்.